வரையாமல் விட்ட இடம்

ஓவிய அறையில் பனி இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பாடவேளையில். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கறுப்பு மையால் வரைந்த மூங்கில் படங்களில், மூங்கில் இல்லாத வெள்ளைப் பகுதியிலிருந்து அது புகைபோல் மெல்லக் கசிந்து, மேசை விளிம்பில் வழிந்து, மணியடிப்பதற்குள் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. மாணவர்கள் யாரும் அலறவில்லை. அடுத்த பாடவேளையில் அறிவியல் தேர்வு இருந்தது. அதில் பனியைப் பற்றிக் கேள்வி வராது என்று முன்பே சொல்லியிருந்ததால், பைகளை மாட்டிக்கொண்டு அதற்குள்ளேயே நடந்து வெளியே போனார்கள். அலுவலகத்தில் 'ஓவிய அறை, நீர்க்கசிவு' என்று பதிந்துகொண்டு குழாய் ரிப்பேர்காரருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், இந்தப் பக்கம் குழாயே கிடையாது என்றார், பனிக்குள் கையை விட்டு எடுத்து முகர்ந்தார், இது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தன் வேலை எது, எது இல்லை என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்த மனிதரை அந்தப் பள்ளி அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை.

ஜப்பான் அந்தப் பள்ளிக்கு வந்தது ஒரு சுற்றறிக்கை வழியாக. மேலிடத்தில் யாரோ யாரோடோ கைகுலுக்கியதில், உயர்நிலை வகுப்பு ஓவிய மாணவர்களுக்கு இந்த ஆண்டு ஜப்பானியக் கலை வடிவங்களைக் கற்றுத்தர வேண்டும், ஆண்டு முடிவில் கண்காட்சி வைக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. கூடவே ஒரு பெட்டியும் வந்தது. அதற்குள் மைக்கட்டிகள், அவற்றை உரசும் கல், தடித்த தூரிகைகள், ஊதினால் பறக்கும் காகிதம், இவை எல்லாவற்றையும் ஜப்பானிய மொழியில் மட்டும் விளக்கும் ஒரு கையேடு. தலைமையாசிரியர் கையேட்டை முதலில் தானே வாங்கிப் புரட்டி, இரண்டு முறை தலையாட்டி, எல்லாம் தெளிவாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று திருப்பிக் கொடுத்தார். மேலிருந்து தாள் வராமல் அவர் தும்மக்கூட மாட்டார் என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சுற்றறிக்கை. ஓவிய ஆசிரியையிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஜப்பானை எப்ப முடிப்பீங்க டீச்சர்?"

ஓவிய ஆசிரியை அந்தப் பள்ளியில் வெகுகாலமாக ஒப்புக்குச் சப்பாணி. கால அட்டவணையில் அவருக்குப் பாடவேளைகள் இருந்தன, நாளில்தான் இல்லை. காலையிலேயே கணக்கு ஆசிரியர் வந்து, டீச்சர், உங்கள் பீரியட் ஒன்றைக் கடன் கொடுங்கள் என்று நிற்பார். கடன் போன பாடவேளை திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இல்லை என்று சொல்ல ஓவிய ஆசிரியைக்கு வாய் வராது. மிஞ்சிய நேரத்தில் அவர் வருடம் தவறாமல் சொல்லித்தந்தது ஒரே பாடம்: நாலு மூலையும் நிறைய வேண்டும். விடைத்தாள் திருத்துகிறவர்கள் காகிதத்தில் எங்கே வெள்ளை தெரிகிறது என்று தேடித்தான் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். காலி இடம் என்றால் சோம்பேறித்தனம். எனவே வானம் என்றால் நீலம் விளிம்புவரை போக வேண்டும். வானத்தில் இடம் மிச்சமிருந்தால் பறவை. அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் இன்னும் இரண்டு பறவை. அந்தப் பள்ளி மாணவர்கள் வரைந்த வானத்தில் பறவைகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு பறந்தன. மதிப்பெண் மட்டும் குறைந்ததே இல்லை.

ஜப்பானையும் அவர் அப்படித்தான் முடிக்கத் தொடங்கினார். காகித மடிப்பு ஒரு வாரத்தில் முடிந்தது. கணக்கு ஆசிரியரின் பழைய வினாத்தாள்கள் கொக்குகளாகவும் தவளைகளாகவும் மாறின. அவர் வந்து ஒவ்வொரு கொக்கையும் பிரித்து, கழுத்துக்குள் இருந்த விடை சரிதானா என்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்தது மீன் அச்சு. முழு மீனின்மேல் மையைத் தடவி, காகிதத்தை வைத்து அழுத்தி, செதில் செதிலாக உருவத்தை ஒற்றி எடுக்கும் கலை அது. அழகான கலைதான். ஆனால் அதற்கு இரண்டு வாரம் என்று சுற்றறிக்கையில் ஒதுக்கியிருந்ததால் ஒரே மீனை இரண்டு வாரமும் பயன்படுத்தினார்கள். ஆசிரியர்கள் ஓய்வெடுக்கும் அறை பக்கத்து அறை. இரண்டாவது வாரத்தில் அங்கே ஒருவராலும் உட்கார முடியாமல் எல்லோரும் தத்தம் வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினார்கள். அந்த ஆண்டு கல்வி உயர்ந்தது என்றால் அந்த ஒரு வாரம்தான்.

பிறகு மை ஓவியம். மைக்கட்டியைக் கல்லில் தண்ணீர் விட்டு மெதுவாக உரசி மை எடுப்பதற்கே ஒரு முழுப் பாடவேளை போனது. அந்தப் பக்கம் வந்த தலைமையாசிரியர் இது எந்தப் போர்ஷன் என்று விசாரித்து, மை தயாராகிறது என்று தெரிந்ததும், கடையில் பாட்டிலிலேயே கிடைக்கிறதே என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். கையேட்டின் எழுத்து புரியாததால் ஓவிய ஆசிரியை அதிலிருந்த படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பாதிக் காகிதத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. மலை இருக்கிறது, மலையின் அடிவாரம் இல்லை, யாரும் வரையவில்லை. ஆனால் அந்த வரையாத இடத்தில்தான் பனி இருந்தது. இத்தனை வருடமாகப் பிள்ளைகளின் பனியையெல்லாம் நீல வண்ணம் பூசி மூட வைத்திருக்கிறோமே என்று அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் வகுப்பில், பாதி இடத்தைச் சும்மா விட்டுவிடுங்கள் என்று சொன்னார். எத்தனை சென்டிமீட்டர் என்று முதல் வரிசையிலிருந்து கேள்வி வந்தது. எல்லோரும் ஸ்கேலை எடுத்துக் காகிதத்தைப் பாதியாக அளந்து கோடு போட்டார்கள். ஒரு மாணவி கோட்டுக்கு மேலே அழகான கையெழுத்தில் 'காலி இடம்' என்று எழுதி அடிக்கோடும் இட்டாள். இதற்குத் தனி மதிப்பெண் உண்டா என்று இன்னொருவன் கேட்டான்.

"ஸ்கேலை உள்ள வைங்க," என்றார் ஓவிய ஆசிரியை. "கை எங்க நிக்கணும்னு நினைக்குதோ, அங்க நிறுத்திடுங்க."

அந்தப் பிள்ளைகளிடம் அதுவரை யாரும் எங்கேயும் நிறுத்தச் சொன்னதில்லை. இன்னும் எழுது, இன்னும் படி, இன்னும் ஒரு பறவை போடு என்றுதான் கேட்டு வளர்ந்திருந்தார்கள். தூரிகைகள் ஒவ்வொன்றாக நின்றன. அன்றைக்குத்தான் பனி வந்தது.

பனிக்கு ஒரு குணம் இருந்தது தெரியவர ஒரு வாரம் ஆனது. தேவையில்லாததை அது எடுத்துக்கொண்டது. முதலில் போனது 'அமைதி காக்கவும்' என்ற பலகை. அடுத்து, சுவரில் இருந்த இரண்டு கடிகாரங்களில் ஓடாத கடிகாரம் போனது, ஓடுகிற கடிகாரம் இருந்தது. பிளாஸ்டிக் ரோஜாக்கள் போயின, அவை நின்ற கண்ணாடிக் குவளை தூரிகை கழுவுவதற்காக அங்கேயே இருந்தது. உள்ளே போய் வந்த மாணவர்களின் பைகள் கனம் குறைந்தன. திறந்து பார்த்தால் பாடநூல் இருக்கும், அந்தப் பாடநூலுக்கு எழுதிய கைடு இருக்காது, கைடுக்கு எழுதிய சுருக்கம் இருக்கவே இருக்காது. மாணவர்கள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பியூன் ஒரு நாள் சுற்றறிக்கை ஒன்றைக் காட்டிக் கையெழுத்து வாங்க உள்ளே போனார். வெளியே வந்தபோது தாளில் தேதி மட்டும் இருந்தது, பியூன் முழுதாக இருந்தார். அவர் இல்லாவிட்டால் அந்தப் பள்ளியில் மணியடிக்காது, கதவு திறக்காது, தண்ணீர் வராது என்பது ஊரறிந்த விஷயம். ஆகையால் அவர் பத்திரமாகத் திரும்பி வந்தது மற்றவர்களுக்குத் துளியும் ஆறுதலாக இல்லை.

அதற்குப் பிறகு ஆசிரியர்களில் ஒருவரும் அந்த வாசலைத் தாண்டவில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று ஆசிரியர் அறையில் உரக்கப் பேசிக்கொண்டார்கள். பேசியவர்கள் எல்லோரும் ஓவிய அறைப் பக்கம் போகாமல் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு கழிப்பறைக்குப் போனார்கள். கணக்கு ஆசிரியருக்குத் திடீரென்று சைனஸ் வந்தது. அறிவியல் ஆசிரியை இதற்கு அறிவியல் விளக்கம் இருக்கிறது என்றும், அதைத் தூரத்தில் இருந்தே தரமுடியும் என்றும் சொன்னார். இரண்டு துணைத் தலைமையாசிரியர்களும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் இரண்டு பேர் எதற்கு என்ற கேள்வி அவர்களுக்கே பல நாளாக இருந்தது. விருப்பமுள்ள ஆசிரியர்கள் ஓவிய அறையைத் தாராளமாகப் பார்வையிடலாம் என்று தலைமையாசிரியர் சுற்றறிக்கை விட்டார். விட்டுவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஓவிய ஆசிரியை மட்டும் வழக்கம்போல் உள்ளே போய்வந்துகொண்டிருந்தார். அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. தன்னைப் பற்றி யோசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லாததால் பயமும் இல்லை. அந்த நிம்மதி நீடித்தது தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்கிற வரை. அவர் உட்காரச் சொன்னாலே நல்ல சேதி இல்லை.

"உங்க போஸ்ட் உபரின்னு வந்திருக்கு டீச்சர். நான் ஒண்ணும் பண்ணலை, மேல கணக்குப் பாத்திருக்காங்க. கண்காட்சியன்னிக்கு ஆபீசர் வந்து பாத்து கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சது. அந்த ரூமை ஸ்பெஷல் கிளாஸுக்கு விட்டுடலாம்."

உபரி என்ற சொல்லை அவர் கூச்சப்படாமல், ஏதோ பதவி உயர்வு மாதிரி சொன்னார். ஓவிய ஆசிரியை சரி சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். ஓவிய அறை வாசலில் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். தேவையில்லாததை எடுத்துக்கொள்கிற அறை. தேவையில்லை என்று தாளில் அடித்து அனுப்பிவிட்ட ஆள். தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தார். பியூனிடம் சொல்லி நடைபாதையில் ஒரு நாற்காலி போட வைத்து, அன்றிலிருந்து வாசலுக்கு வெளியே உட்கார்ந்தபடியே பாடம் நடத்தினார். கேட்டவர்களிடம் மூட்டு வலி என்றார்.

வீட்டில் சொன்னபோது அவருடைய கணவர், லிஃப்ட் மெக்கானிக், வெகுநேரம் யோசித்தார். கடைசியில், நீ காணாமல் போய்விட்டால் வாஷிங் மெஷினில் எந்தப் பட்டனை அழுத்துவது என்றுகூட எனக்குத் தெரியாது என்றார். அவரைப் பொறுத்தவரை அது அன்பின் உச்சம். ஓவிய ஆசிரியை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மகள் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. பள்ளிக்குள் அம்மாவைத் தெரியாத மாதிரி இருப்பது என்று ஆறாம் வகுப்பிலேயே ஒப்பந்தம் போட்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நாலு எட்டு முன்னால் போய்விடுவாள். நடைபாதையில் எதிரே வந்தால், மற்ற பிள்ளைகள் சொல்வதுபோல் குட் மார்னிங் டீச்சர் என்பாள். டிராயிங் டீச்சர் பெண் என்று கூப்பிடுகிறார்களாம். கணக்கு டீச்சர் பெண்ணாக இருந்தால் கௌரவம், டிராயிங் டீச்சர் பெண் என்றால் சிரிப்பு. அம்மா கதையைச் சொல்லி முடித்தபோது அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உள்ள போய்த்தான் பாரேன்மா. என்ன ஆகும்னு தெரிஞ்சிடும்ல?"

உலகமே உபரி என்று சொல்லட்டும், இவளுமா என்று இருந்தது அவருக்கு. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று எழுந்து போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினார். அவர் வீட்டில் கோபம் எவ்வளவு என்பதைப் பாத்திரச் சத்தத்தை வைத்துத்தான் கணிப்பார்கள். அன்றைக்குக் கணவர் பால்கனிக்குப் போய்விட்டார்.

கண்காட்சிக்கு முந்தைய வாரங்களில் பள்ளி விட்ட பிறகும் பயிற்சி நடந்தது. அதே நேரத்தில் மாடியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ். பனி இப்போது தலைக்கு மேலே போய்விட்டிருந்தது. தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று மாணவர்கள் பழகிவிட்டார்கள். வாசலிலிருந்து பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் என்று ஒன்றும் தெரியாது. கல்லில் மை உரசும் சத்தம் மட்டும் கேட்கும். ஓவிய ஆசிரியை அந்தச் சத்தத்தை வைத்தே யார் அவசரப்படுகிறார்கள், யாருடைய தண்ணீர் அதிகம் என்று கண்டுபிடித்து வெளியிலிருந்து குரல் கொடுப்பார். தூரிகையை நேராகப் பிடி, தோளிலிருந்து இழு, கணுவுக்குக் கணு மூச்சை விடு என்பார். பிள்ளைகள் முடித்த படத்தை வாசல்வரை கொண்டுவந்து நீட்டுவார்கள். அவர் பார்த்துச் சொல்லித் திருப்பித் தருவார். நீச்சல் தெரிந்தவர் கரையில் உட்கார்ந்துகொண்டு கத்துவது போல் அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கால் எழவில்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் தலைமையாசிரியர் நடைபாதையில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்து அதிர்ந்துபோனார். ஒரு படமாவது முடியவில்லையே என்றார். பாதிக் காகிதம் காலியாக இருந்தால் அதிகாரி பள்ளியைப் பற்றி என்ன நினைப்பார்? கணக்கு ஆசிரியர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. எள் என்றால் எண்ணெயாக நிற்பவர் அவர். உட்கார்ந்து எல்லா வெள்ளைக்கும் நீலக் கிரேயான் தேய்க்க வைத்து, மூலைக்கு ஒரு பறவை வீதம் போட வைத்து, வெற்றிகரமாக முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் வந்து பார்த்தால் நீலமெல்லாம் பொடியாகித் தரையில் கிடந்தது, பறவைகள் உட்பட. பியூன் அதைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டார். படங்கள் பழையபடி காலியாகவும் மிக நன்றாகவும் இருந்தன.

அதிகாரி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பன்னிரண்டுக்கு வந்தார். ஜப்பானுக்கும் நமக்கும் உள்ள உறவைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அதில் ஜப்பான் ஒரு தீவு நாடு என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. பிறகு, பிள்ளைகள் மை ஓவியம் வரைந்துகொண்டிருந்த ஓவிய அறைக்குள் முதல் பரிசுக்குரிய படங்கள் இருப்பதாகச் சொல்லி ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். வாசலில் ஊர்வலம் நின்றது. நீங்கள் முன்னால் போங்கள் சார் என்று தலைமையாசிரியர் ஒதுங்கினார். இல்லை, பள்ளி உங்களுடையது என்று அதிகாரி ஒதுங்கினார். இருவரும் ஒதுங்கி ஒதுங்கி நடைபாதை மறுகோடிவரை போய்விட்டார்கள். யாரோ அதிகாரியின் காதில் அறையின் குணத்தை முன்பே ஓதியிருக்க வேண்டும். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தபோது, அதிகாரியின் பார்வை நாற்காலியைப் பிடித்தபடி நின்ற ஓவிய ஆசிரியைமேல் விழுந்தது. அந்த உபரி டீச்சர் இவர்தானா என்று விசாரித்தார். இவரே உள்ளே போய்ப் படங்களை எடுத்து வரட்டுமே என்றார். மிகவும் நல்ல யோசனை என்று இரண்டு துணைத் தலைமையாசிரியர்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஓவிய ஆசிரியை வாசலைப் பார்த்தார். போகமாட்டேன் என்று சொன்னால் தான் தேவையில்லை என்று தானே ஒப்புக்கொண்டது போல் ஆகும். போனால் அதுவே நிரூபணமாகிவிடும். கணவர் காலையில் வாஷிங் மெஷின் பட்டன்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. அப்போதுதான் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா, மை பரவிட்டே போகுதும்மா. இங்க வாயேன்!"

ஓவிய ஆசிரியை போய்விட்டார். எப்போது நாற்காலியை விட்டார், எந்தக் காலை முதலில் வைத்தார் என்பதெல்லாம் அவருக்குப் பிறகும் ஞாபகம் வரவில்லை. குரல் வந்த பக்கமாகக் கையைத் துழாவியதில் ஒரு தோள் தட்டுப்பட்டது. தூரிகையில் தண்ணீர் அதிகம். மூங்கில் தண்டிலிருந்து மை கிளம்பி, விட்ட இடத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு போனது. அவர் உலர்ந்த தூரிகை ஒன்றை எடுத்து, ஓடும் ஈரத்தின் முனையில் அழுத்தாமல் வைத்து உறிஞ்சினார். மறுபடி துடைத்து மறுபடி வைத்தார். மை நின்றது. மகளின் மணிக்கட்டைப் பிடித்து, எவ்வளவு மையைத் தொட வேண்டும், எங்கே தூரிகையைத் தூக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அந்தக் கை விரல்களுக்கிடையே ஏறியிருந்த கறுப்பு, ஒரு நாளில் ஏறிய கறுப்பு இல்லை.

"எத்தனை நாளாடி இங்க உக்காந்திருக்க?"

"நீ வாசல்ல நாற்காலி போட்ட அன்னிலேருந்து. நீ வந்து உக்கார்றதுக்குள்ள உள்ள வந்துடுவேன்."

"ஸ்பெஷல் கிளாஸ்?"

"ஒரு நாள் போகாம இருந்து பாத்தேன், அங்க நான் இல்லன்னு யாருக்குமே தெரியலைம்மா. சார் தினம் அட்டெண்டன்ஸ்ல பிரசண்ட் போட்டுட்டுத்தான் இருக்காரு." அவள் தூரிகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதான் இங்க வந்து பாத்தேன். நான் காணாமப் போறேனான்னு."

ஓவிய ஆசிரியை மகளின் மணிக்கட்டை விடவில்லை. தான் வாசலில் உட்கார்ந்து தன் பயத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்த நாளெல்லாம், தன் வீட்டுப் பிள்ளை, அதே சோற்றைத் தின்று அதே பஸ்ஸில் வந்த பிள்ளை, தான் இருந்தால் என்ன, போனால் என்ன என்று தனியாக இதற்குள் நடந்து வந்திருக்கிறாள். நாலு எட்டு முன்னால் நடந்தவளின் முதுகைத் தினமும் பார்த்தும் ஒன்றும் தெரியாமல் போயிற்றே என்று அவர் தன்னையே நொந்துகொண்டார். மகளை இழுத்து அணைத்ததில் தூரிகை மாட்டி, சேலை முழுக்க மையாயிற்று.

"பைத்தியமா உனக்கு? நிஜமாவே போயிருந்தா நான் என்னடி பண்ணுவேன்?"

"போகலையே," என்றாள் மகள். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "நீயும் போகலை, பாரு," என்றாள்.

அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. குனிந்து தன் கைகளைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார். எல்லாம் இருந்தன. மற்ற பிள்ளைகள் பனிக்குள் ஆங்காங்கே உட்கார்ந்து மை உரசிக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர், என்னதையும் பாருங்க என்று ஒரு மூலையிலிருந்து குரல் வந்தது. அவர் போனார். பிறகு இன்னொன்று. வெளியிலிருந்து தலைமையாசிரியர், டீச்சர், இருக்கீங்களா என்று மூன்று முறை கேட்டது காதில் விழுந்தது. கை வேலையாக இருந்ததால் பதில் சொல்லவில்லை. நடைபாதையில் தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தி, பணியிடப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிட்டது சார் என்று அதிகாரியிடம் சொல்லியிருந்தார். கணக்கு ஆசிரியர் இரங்கல் கூட்டம் எந்தப் பாடவேளையில் என்று கேட்டு, அது ஓவியப் பாடவேளையில் இருந்தால் நல்லது என்றும் சொல்லியிருந்தார். சேலை முழுக்க மையோடு ஓவிய ஆசிரியை படங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அவர்களுடைய முகங்களில் இருந்த வருத்தம் உண்மையானது. பின்னாலேயே மகளும் வந்தாள். கணக்கு ஆசிரியர் அவளைப் பார்த்து, நீ எந்த வகுப்பு என்று கேட்டார்.

பணியிடம் போனது போனதுதான். உள்ளே போய் மனிதர் முழுதாகத் திரும்பி வந்தார் என்பதற்காகவெல்லாம் மேலிடத்தின் கணக்கு மாறுவதில்லை. கோடை விடுமுறைக்குப் பிறகு ஓவியப் பாடம் அட்டவணையிலிருந்து நீங்கியது. அறை ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனது. ஸ்பெஷல் கிளாஸ் எடுக்க யாரும் உள்ளே வராததுதான் சிக்கல். கணக்கு ஆசிரியர் நடைபாதையில் நின்று நடத்திப் பார்த்தார். மாணவர்கள் உள்ளே போனார்கள், கணக்குகள் போகவில்லை. பனியைப் போக்க வெப்பக் காற்று அடித்தார்கள், சுண்ணாம்பு பூசினார்கள், அந்தப் படங்களை எல்லாம் அள்ளி வேறு கட்டடத்தில் பூட்டினார்கள். பனி அசையவில்லை. கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு வழி வந்தது. அறையின் ஈரப்பதத்தைக் கண்காணிக்க ஆள் தேவை, உள்ளே போகத் துணிகிற ஆள் வேண்டும், தகுதி: அனுபவம். விண்ணப்பித்தது ஒருவர்தான். இப்படியாக ஓவிய ஆசிரியை ஈரப்பதக் கண்காணிப்பாளர் ஆனார். ஈரப்பதத்தைக் கண்காணிக்க மாணவர் உதவி தேவைப்படும் என்று எழுதிக் கேட்டார்; ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு வாரம் மூன்று பாடவேளை அனுமதி கிடைத்தது. ஓவியத்துக்கு வாரம் ஒன்றுதான் இருந்தது. ஈரப்பதப் பாடவேளையைக் கடன் கேட்க இன்றுவரை யாரும் வந்ததில்லை.

மகள் கண்காட்சி நடந்த ஆண்டிலேயே கணக்கில் தேறியிருந்தாள். ஸ்பெஷல் கிளாஸின் பலன் என்று கணக்கு ஆசிரியர் பெற்றோர் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார்; அம்மாவும் மகளும் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். இரண்டு துணைத் தலைமையாசிரியர்களும் தலைமையாசிரியர் ஆகி, அவர்களும் ஓய்வு பெற்றார்கள். ஒருவரும் அந்த அறையைப் பார்த்ததில்லை. புதிதாக வருகிற ஆசிரியர்கள் முதல் நாளே மைதானத்தைச் சுற்றிப் போகிற வழியைத் தெரிந்துகொள்கிறார்கள். ஜப்பானைப் பற்றி மேலிடம் எப்போதோ மறந்துவிட்டது. இந்த ஆண்டு வேறொரு நாடு.

பிள்ளைகளைச் சேர்க்க வருகிற பெற்றோரிடம், பள்ளியில் நூலகம் உண்டு, மைதானம் உண்டு, கீழ்த்தளத்தில் பனி உண்டு என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். சளி பிடிக்குமா என்று கேட்கிறார்கள். பிடிக்காது என்றதும் கையெழுத்துப் போடுகிறார்கள். மாலையில் பிள்ளையை அழைத்துப் போக வருகிறவர்கள் அந்த வாசலில் நின்று, உள்ளே ஒன்றும் தெரியாததால், பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் உடனே பதில் வந்துவிடும். சில பிள்ளைகளிடமிருந்து கொஞ்சம் தாமதமாக வரும். அது வரும்வரை எந்த அப்பா அம்மாவும் அங்கிருந்து நகர்வதில்லை.